அடுப்படி நீங்கலாக

1

சென்ற வெள்ளிக்கிழமை சிரம்பான் கோர்ட்டுக்கு ஒரு கையெழுத்துப் போடப் போனேன். போடாமல் திரும்பி வந்தேன். தோட்டத்து லாரியில் இரண்டு மணி நேரம், கோர்ட்டு வராந்தாவில் அரை நாள், பிறகு மழையில் நனைந்துகொண்டு மறுபடியும் லாரி. தேனிக்குப் பக்கத்தில் பழனிசெட்டிபட்டியில் எனக்கு ஒரு வீடு இருக்கிறது. அதை விற்பதற்கு என் மைத்துனனுக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம் அது. பேனாவைக் கையில் வாங்கிய பிறகு எழுந்து வந்துவிட்டேன்.

மலாயாவிலிருந்து வருகிறவன் ஊரில் வீடு வாங்குவது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் நான் வாங்கியதையும், வாங்கிய வீடு என்ன ஆனது என்பதையும் ஊரில் இருப்பவர்களிடம் சொல்லிவிட வேண்டுமென்று தோன்றுகிறது. இங்கே சொன்னால் புரிந்துகொள்ள ஆள் இல்லை. என் மகனுக்கே புரியவில்லை.

நான் ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். டாக்டர் மாதம் இரண்டு முறை வருவார். மற்ற நாளெல்லாம் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பதும் நான்தான். சம்பளம் சாப்பாட்டுக்குப் போக மிஞ்சும். குடியிருக்கத் தோட்டத்து வீடு உண்டு. அந்த வீட்டைப் பற்றி என் மனைவி ராமுத்தாய் எப்போதும் ஒன்றுதான் சொல்வாள்: “நீங்க வேலைய விட்ட மறுநா, அடுப்புல கொதிக்கிற ஒலையோட தூக்கி வெளிய வச்சிருவாக.”

2

ஐரோப்பாவில் சண்டை தொடங்கியிருந்தது. மலாயாவில் அதன் சூடு இன்னும் தெரியவில்லை. எனக்கு ஆறு மாத லீவு கிடைத்தது. ராமுத்தாய், பத்து வயது முருகேசன், ஆறு வயது பவளம் எல்லோருமாக நாகப்பட்டினத்தில் இறங்கி மதுரை வழியாகத் தேனிக்கு ரயிலில் வந்தோம். அப்பன் வீட்டை அண்ணன்மார் மூன்று பேரும் பங்கு பிரித்ததில் எனக்கு வந்தது ஒரு தொழுவத்தின் அகலம். அதை அவர்களுக்கே விட்டுக்கொடுத்திருந்தேன். ஆகவே ஆறு மாதத்துக்குள் ஒரு வீட்டை வாங்கிப் போட்டுவிட்டுத்தான் கப்பல் ஏறுவது என்பது ராமுத்தாயின் தீர்மானம்.

அவளுடைய தம்பி சோலைராசு தேனியில் பஞ்சுத் தரகு பார்த்தான். ஸ்டேஷனுக்கு வந்து பெட்டிகளை இறக்கும்போதே சொல்லிவிட்டான்.

“மாமா, நீங்க மலாயா போனப்ப இருந்த தேனி இல்ல இது. ரயிலு வந்ததுல இருந்து வீட்டு விலை வாய்ல நுழையல. பஞ்சுக்காரகளும் ஏலக்காய்க்காரகளும் வந்து வாங்கிக் குவிக்கிறாக. இங்கன ஒரு தொழுவம் வாங்குற காசுக்கு மதுரையில மச்சு வீடே வாங்கலாம்.”

நான் நம்பவில்லை. பதினைந்து வருடச் சேமிப்பு கையில் இருக்கிறது என்ற திமிர். சந்தைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டைப் பார்க்கப் போனோம். வீட்டுக்காரர் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் விலையைச் சொன்னார். நான் கணக்குப் போட்டுப் பார்ப்பதற்குள் ராமுத்தாய் பவளத்தின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். அடுத்த வீட்டில், “ரொக்கமாத்தான?” என்று கேட்டார்கள். ஆமாம் என்றதும் விலை இன்னும் ஏறியது. மலாயாக்காரன் என்று செருப்பைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். இப்படியே இரண்டு மாதம் போயிற்று.

கடைசியில் சோலைராசு ஆற்றைத் தாண்டிக் கூட்டிக்கொண்டு போனான். பழனிசெட்டிபட்டியில் ஒரு ரெண்டு கட்டு வீடு. முன்கட்டில் பட்டாசாலை என்கிற கூடம், அதற்கு மேலே மரத்தளம் போட்ட மச்சு. ஒரு பக்கத்துச் சுவர் வயிறு தள்ளி நின்றது. கூரை ஓடு பாதிக்கு மேல் இல்லை. பட்டாசாலையில் நின்றால் வானம் தெரிந்தது. ஆனால் உத்திரமும் நிலையும் கதவும் மலைத் தேக்கு. விரலால் தட்டிப் பார்த்தேன், கணீரென்றது. பின்கட்டில் ஒரு கிணறு, கிணற்றை ஒட்டி ஓர் அடுப்படி. அந்த அடுப்படிக்கு மட்டும் ஓடு முழுசாக இருந்தது. சாணி மெழுகி, கோலம் போட்டிருந்தது.

கிணற்றடியில் ஒரு பெண்பிள்ளை தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கலாம். வெள்ளைச் சேலை. எங்களைப் பார்த்ததும் கயிற்றை விடாமலே பேசினாள்.

“வாங்க தம்பி. வீடு பாக்கவா? நல்லாப் பாத்துக்கிருங்க. என்னயவும் சேத்துப் பாத்துக்கிருங்க. வீட்டோட நானும் வாறேன்.”

விலை ஏன் குறைவு என்று அப்போதுதான் புரிந்தது. அவள் பெயர் சின்னத்தாயி. வீட்டை விற்கிறவர் அவளுடைய கொழுந்தன், மதுரையில் குடியேறிவிட்டார். பிள்ளையில்லாமல் புருஷன் இறந்தபோது பங்குப் பத்திரத்தில் அவளுக்கு எழுதி வைத்திருந்தார்கள்: பின்கட்டு அடுப்படியில் ஆயுள் பரியந்தம் குடியிருந்து அனுபவித்துக்கொள்வது. வீடு யார் கைக்குப் போனாலும் அந்த அடுப்படி நீங்கலாகத்தான் போகும். அதனால்தான் பஞ்சுக்காரர் யாரும் இதைத் தொடவில்லை.

வெளியே வந்ததும் சோலைராசு குரலைத் தாழ்த்தினான். “வயித்துவலிக்காரி மாமா. ரொம்ப நாளுத் தாங்காதுன்னு ஊர்ல சொல்றாக.”

அடுத்து நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. மறுநாள் மருந்து கொடுப்பதாகச் சொல்லிப் போய் அவளைப் பரிசோதித்தேன். கண் இமையை இழுத்துப் பார்த்தேன். நாடி பிடித்தேன். காலில் வீக்கம் உண்டா என்று அழுத்திப் பார்த்தேன். எத்தனை நாள் இருப்பாள் என்று தெரிந்துகொள்ளத்தான். அவளுக்கு ஒரு நோயும் இல்லை. வயிற்றுவலி பசியினால் வந்தது. ஒரு வேளை சாப்பாட்டை இரண்டு வேளைக்குப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“எப்பிடி இருக்கு தம்பி?” என்றாள்.

“நல்லாருக்கீக,” என்றேன்.

“அப்ப உங்களுக்குக் கஷ்டந்தான்,” என்று சிரித்தாள்.

வேறு வீடு எங்கள் கைக்கு எட்டாது. வாங்கினோம்.

பெரியகுளம் பத்திர ஆபீசில் மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். மலாயாக் காகிதத்தில் என் பெயர் வீலசாமி. ஊர்க் கணக்கில் வெள்ளைச்சாமி. பதிவு செய்கிறவர் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, “இதுல வாங்குறது யாரு?” என்று கேட்டார். நான் என்றேன். “நீங்க யாருங்கிறதுதான கேள்வி,” என்றார். பிறகு மணியக்காரரிடம் போய், நான் நான்தான் என்று எழுதி வாங்கி வந்தேன். ‘வெள்ளைச்சாமி என்கிற வீலசாமி’ என்று பத்திரம் முடிந்தபோது லீவில் பதினெட்டு நாள்தான் மிச்சம் இருந்தது.

3

பதினெட்டு நாளில் வீடு எழும்பாது. ராமுத்தாய் வழி சொன்னாள்: “நீங்க முருகேசனக் கூட்டிக்கிட்டுப் போங்க. அவன் இங்கிலீசுப் பள்ளிக்கூடம் கெட்டுறக் கூடாது. நானும் பவளமும் இருந்து கூரையப் போட்டு, பால் காச்சிட்டு வந்துர்றோம். ஒரு வருசந்தான.”

தேனி ஸ்டேஷனில் பிரிந்தோம். அந்த ஒரு வருடம் என்ற சொல்லை நாங்கள் இருவருமே சந்தேகப்படவில்லை.

கடிதத்தில் வீடு கட்டுவதைப் போல ஒரு கஷ்டம் கிடையாது. ஒரு கேள்வி இங்கே வந்து, பதில் அங்கே போய்ச் சேர நாற்பது நாள் ஆகும். சுவரை இடித்துக் கட்டலாமா, முட்டுக் கொடுக்கலாமா என்று கொத்தனார் கேட்பார். இடிக்கச் சொல்லி நான் எழுதுவேன். அது போய்ச் சேர்வதற்குள் முட்டுக் கொடுத்திருப்பார்கள். ராமுத்தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஊர் வாத்தியார் ஒருவர் படித்துச் சொல்லி, அவரே பதிலும் எழுதுவார். மச்சுக்கு மேலே ஓடு போடச் செலவு அதிகம் என்று அவள் எழுதச் சொன்னபோது நான், ‘கூரைக்குச் சிங்கு வாங்கிப் போடச் சொல்’ என்று பதில் எழுதினேன். மலாயாவில் தகரக் கூரையைச் சிங்கு என்றுதான் சொல்வோம். எனக்கு அது தமிழ் இல்லை என்பதே மறந்துபோயிருந்தது. வாத்தியார் அதைச் ‘சங்கு’ என்று படித்தார்.

ராமுத்தாய் மதுரைக்கு ஆள் அனுப்பி ஒரு வலம்புரிச் சங்கு வாங்கினாள். நான் ஏதோ சாஸ்திரம் பார்த்துச் சொல்கிறேன் என்று நினைத்தாளாம். கொத்தனாருக்கும் சந்தேகம் வரவில்லை. உத்திரத்தின் மேலே மாடம் கட்டிச் சங்கை வைத்தார். ‘சங்கு வைத்தாயிற்று, அடுத்து என்ன செய்ய?’ என்று கடிதம் வந்தது. அதைப் படித்து ஆஸ்பத்திரியில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். தகரம் என்று திருத்தி எழுதி, அது போய்ச் சேர்ந்தபோது அங்கே மழை பிடித்துவிட்டது. முட்டுக் கொடுத்த சுவர் கரைந்து விழுந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எழுதியிருந்தாள். ‘சின்னத்தாயி அக்கா எங்களைத் தன் அடுப்படியில் படுக்க வைத்துக்கொண்டார்கள்’ என்றும் ஒரு வரி இருந்தது.

அதுதான் கடைசிக் கடிதம். ஜப்பான்காரன் வந்துவிட்டான்.

4

அந்த மூன்றரை வருடத்தைப் பற்றி இங்கே பலரும் எழுதுவார்கள். எங்கள் தோட்டத்திலிருந்து சயாம் ரயில் வேலைக்கு லாரி லாரியாக ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். டிரஸ்ஸர் வேண்டும் என்பதால் என்னை விட்டுவைத்தார்கள். மருந்துச் சாமான் தீர்ந்துபோனது. ஒரு டப்பா கொயினாவைத் தரைப்பலகைக்கு அடியில் ஒளித்துவைத்து, ஒரு வில்லையை நாலாக உடைத்துக் கொடுத்தேன். முருகேசன் ஜப்பான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தான். காலையில் எழுந்து கிழக்கே பார்த்துக் குனிந்து கும்பிடுவான். வீட்டிலும் தமிழை விட மலாய்தான் அவன் வாயில் வந்தது. சோறு கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கு தின்றே வளர்ந்தான்.

ஊரிலிருந்து ஒரு சொல்லும் இல்லை. உயிரோடு இருக்கிறார்களா என்று யாரிடம் கேட்பது? அந்தப் பயத்திலிருந்து தப்பிக்க நான் மனதுக்குள் வீட்டைக் கட்டத் தொடங்கினேன். விழுந்த சுவரைச் சுட்ட செங்கல்லால் எழுப்பினேன். மச்சுக்கு ஏற மரப்படி போட்டேன். ஜன்னலுக்கு நீல வர்ணம் அடிப்பதா, பச்சை அடிப்பதா என்று புண்ணுக்குக் கட்டுப் போடும்போதெல்லாம் யோசித்தேன். ராமுத்தாய் கெட்டிக்காரி, எப்படியாவது முடித்திருப்பாள் என்று முருகேசனிடம் சொல்வேன். “ம்” என்பான்.

5

சண்டை முடிந்து, தபால் திறந்து, முதல் கடிதம் வந்தபோது உறையில் இருந்த எழுத்து எனக்குத் தெரியாத எழுத்தாக இருந்தது. வட்ட வட்டமான எழுத்து. பவளம் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். அம்மா சொல்லச் சொல்ல அப்படியே எழுதியிருந்தாள். அதை மாற்றாமல் இங்கே தருகிறேன்.

‘நாங்க ரெண்டு பேரும் உசுரோட இருக்கோம். உங்க ரூவா வாறது நின்னு போச்சு. அரிசி கெடைக்கல. மொதல்ல மச்சுப் பலகைய வித்தோம். அப்புறம் படிக்கட்டு. அப்புறம் உத்திரம். தேக்குன்னு சொல்லித் தேனியில மில்லு கட்டுறவுக வந்து எடுத்துக்கிட்டாக. போன வருசம் வாசக்கதவும் நிலையும் போச்சு. நாலு வருசமா நாங்க வீட்டத்தான் தின்னோம். கோவிச்சுக்கிராதீக. சின்னத்தாயி அக்கா பஞ்சு பிரிக்கிற எடத்துல எனக்கும் வேல வாங்கிக் குடுத்தாக. பவளத்துக்கு மலைக்காச்சல் வந்து எட்டு மாசம் விட்டு விட்டு அடிச்சுச்சு. கொயினா எங்கனயும் இல்ல. அக்காதான் மடியில போட்டுக் காப்பாத்துனாக. ரயிலும் இப்ப இல்ல. யுத்தத்துக்கு இரும்பு வேணும்னு தண்டவாளத்தப் பேத்துட்டுப் போயிட்டாக.’

நான் தரைப்பலகையைப் பார்த்தேன். அந்த டப்பாவில் இன்னும் பதினோரு வில்லை இருந்தது.

பழனிசெட்டிபட்டியில் எனக்கு இப்போது இருப்பது நாலு மொட்டைச் சுவர், ஒரு கிணறு. கூரையுள்ள ஒரே இடம் நான் வாங்காத இடம். யார் எப்போது சாவாள் என்று நாடி பிடித்துப் பார்த்தேனோ, அவளுடைய அடுப்படியில் என் பெண்டாட்டியும் பிள்ளையும் குடியிருக்கிறார்கள்.

உடனே கப்பலுக்கு எழுதிப் போட்டேன். பெயர்ப் பட்டியலில் இருக்கிறேன். முதலில் சயாமிலிருந்து திரும்பிய நோயாளிகள், பிறகு பெண்கள், பிறகுதான் மற்றவர்கள் என்கிறார்கள். தோட்டத்திலும் மாற்று டிரஸ்ஸர் வராமல் விட மாட்டேன் என்கிறார் துரை. ஜப்பான் காலத்தில் சம்பளமாக வாங்கிய நோட்டுக்கட்டை முருகேசன் பெட்டியின் அடியில் விரித்திருக்கிறான். அது இப்போது செல்லாத காகிதம்தான்.

6

அப்போது சோலைராசுவின் கடிதம் வந்தது. ஒரு பஞ்சு முதலாளிக்கு மூட்டை அடுக்கக் கிட்டங்கி கட்ட இடம் வேண்டும். மொட்டை மனைக்கே நான் கொடுத்ததை விட அதிகம் தருகிறார். ‘ரயிலைத் திரும்பப் போட்டால் இன்னும் ஏறும், இல்லாவிட்டால் படுத்துவிடும், இதுதான் சமயம் மாமா. அடுப்படிக்காரிக்கு ஏதாவது கொடுத்து விடுதலை எழுதி வாங்கிக்கொள்ளலாம். என் அக்காவுக்கும் சம்மதம்.’ கூடவே அதிகாரப் பத்திரம்.

முருகேசனிடம் காட்டினேன். பதினாறு வயது. ரயில்வேயில் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறான்.

“வித்துருங்கப்பா. அங்க யாரு போகப் போறா?”

“உங்கம்மா அங்கன இருக்காளேடா.”

“அம்மாவ இங்க வரச் சொல்லுங்க.” பிறகு கடிதத்தை மடித்துக்கொண்டே, “அம்மா பேசுற குரல் எனக்கு ஞாபகம் இல்லப்பா,” என்றான். குற்றம் செய்தவனைப் போலச் சொன்னான்.

அந்தப் பணம் வந்தால் எல்லோரையும் ஓரிடத்தில் சேர்த்துவிடலாம் என்று எண்ணித்தான் சிரம்பான் போனேன். கோர்ட்டில் எழுத்தர் யாழ்ப்பாணத்துக்காரர். பத்திரத்தை நிறுத்தி நிறுத்தி வாசித்தார். ‘மேற்படி மனையில் எவரும் குடியிருக்கவில்லை’ என்ற இடம் வந்ததும் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டார்.

“ஒருத்தரும் இல்லைத்தானே டிரஸ்ஸர்? சத்தியம் செய்துதான் ஒப்பம் வைக்க வேணும்.”

“மூணு பேர் இருக்காக,” என்றேன்.

“அப்ப இதிலை இல்லையெண்டு கிடக்குதே.”

“ஆமா.”

“என்ன செய்யப் போறியள்?”

பேனாவை அவர் மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். இது ஒரு தைரியமான காரியம் என்று யாரும் எண்ண வேண்டாம். திரும்பி வரும் வழியெல்லாம் தப்புச் செய்துவிட்டேனோ என்றுதான் தோன்றிக்கொண்டிருந்தது. மனை போனால் கையில் பணமாவது இருக்கும். இப்போது வீடு கட்டவும் வழியில்லை, விற்கவும் மனமில்லை, போகவும் கப்பல் இல்லை.

செவ்வாய்க்கிழமை ராமுத்தாயின் கடிதம் வந்தது. விற்பனையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சோலைராசு அவளிடம் கேட்கவே இல்லை என்பது அதிலிருந்து தெரிந்தது.

‘போன வாரம் ஒருத்தர் சங்கிலியோட வந்து வீட்ட அளந்தாக. யாருன்னு கேட்டதுக்குச் சோலைராசு அனுப்புனான்னாக. நீங்கதான் கூரை போட ஏற்பாடு பண்ணச் சொல்லித் தம்பிக்கு எழுதிருக்கீகன்னு நாங்க நெனச்சுக்கிட்டோம். சின்னத்தாயி அக்கா அவருக்கு மோர் கரைச்சுக் குடுத்தாக. சங்கிலியோட ஒரு மொனைய அவுகதான் பிடிச்சாக. சுவரு ஓரம் கல்லு கெடக்கு, பாத்து வாங்க தம்பின்னு சொல்லிச் சொல்லி அளக்க விட்டாக. அளந்தவரு மொகத்தையே பாக்காம போயிட்டாரு. எப்பக் கூரை போடுவீகன்னு எழுதுங்க.’

அதற்குக் கீழே, அம்மா சொல்லாமல் பவளம் தானாக எழுதியது ஒரு வரி. எனக்கென்று அவள் எழுதியிருக்கும் முதல் வரி அதுதான்.

‘அப்பா, அடுப்படியில நாங்க மூணு பேரு படுத்தா கால நீட்ட முடியாது. நீங்க வந்தா எங்கன படுப்பீக?’

அந்தக் காகிதத்தை முருகேசன் என் கையிலிருந்து வாங்கினான். தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டி, உதடு அசைய, வெகுநேரம் படித்தான். பிறகு மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

நானும் அவனும் நேற்றும் உட்கார்ந்தோம், இன்றும் உட்கார்ந்திருக்கிறோம். ‘அன்புள்ள பவளத்துக்கு அப்பாவும் அண்ணனும் எழுதிக்கொண்டது’ என்பது வரை எழுதியாகிவிட்டது.